மேல்வலி மாத்திரை: வீட்டிலும் கட்டுத்தரையிலும்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



இன்று உரத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. விதை நேர்த்தி இல்லை, பூச்சி நோய் இல்லை. நம் எல்லோர் வீட்டிலும் சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ, அலமாரி மூலையிலோ, வெற்றிலைப் பைக்குள்ளோ கிடக்கிற ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுதான் மேல்வலி மாத்திரை.

"என்னங்க இது, வேளாண்மை ஆபீசர் டாக்டர் வேலை பாக்கக் கெளம்பிட்டாரு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. வேளாண்மை படித்தவன். ஆனால் இருபது வருடமாக வரப்பு வரப்பாக நடக்கிறவன். நாற்று நடவுக்குப் போனாலும் சரி, மஞ்சள் வெட்டுக்குப் போனாலும் சரி, நான் பார்க்கிற காட்சி ஒன்றுதான். காலையில் வேலைக்கு இறங்கும் முன்னே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை. சாயங்காலம் கரையேறியதும் இன்னொன்று. மருந்துக் கடையில் போய், "மேலெல்லாம் வலிக்குதுங்க, ஒரு செட்டு குடுங்க" என்றால் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று நான்கு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து விடுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. கேட்பதும் இல்லை.

பூச்சி மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மில்லி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு என்று என்னிடம் பத்துத் தடவை கேட்கிற விவசாயி, தன் வயிற்றுக்குள் போகிற மருந்தைப் பற்றி ஒரு தடவை கூடக் கேட்பதில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

இன்னொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

2018-ஆம் வருடம். எங்கள் அய்யனுக்கு அப்போது எழுபது வயது. இரண்டு முழங்காலும் வலி. ஆனால் தோட்டத்துக்குப் போகாமல் இருக்க மாட்டார். நான் டவுனில் இருந்து ஊருக்குப் போகும் போதெல்லாம் பத்து மாத்திரை உள்ள அட்டை இரண்டு வாங்கிக் கொண்டு போய்க் கொடுப்பேன். மகன் வாங்கித் தருகிறான் என்று அவருக்கும் சந்தோஷம். விடியற்காலையில் எழுந்து வறக்காப்பி ஒரு டம்ளர், கூடவே ஒரு மாத்திரை, அப்படியே தண்ணி கட்டப் போய் விடுவார். சோறு பத்து மணிக்குத்தான். இப்படி ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓடியது. இதற்கிடையில் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்து விட்டார். நாலு நாளாக வெளிக்குக் கறுப்பாக, தார் மாதிரிப் போயிருக்கிறது. "கீரை தின்னேன், அதுனால இருக்கும்" என்று வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ச் சேர்த்தோம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை சாப்பிடுறாரா? யார் வாங்கிக் குடுத்தது?" என்பதுதான். பி.எஸ்ஸி. படித்த மகன் பக்கத்தில் நின்று கொண்டிருந்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அய்யன்தான், "நானா கடையில வாங்கித் தின்னேனுங்க டாக்டர்" என்று எனக்காகப் பொய் சொன்னார்.

அவர் பிழைத்துக் கொண்டார். இன்றும் தோட்டத்துக்குப் போகிறார். ஆனால் அந்தக் கேள்வி என் காதில் இருந்து போகவில்லை.

சரி, அந்த மாத்திரை எது? கடைப் பெயர் பலவாறாக இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். டைக்ளோபினாக் என்று இருக்கும். அல்லது அசிக்ளோபினாக், இபுபுரூபன் என்று இருக்கும். இவையெல்லாம் பங்காளிகள். வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற ஒரே குடும்பத்து மருந்துகள். டைக்ளோபினாக் 1970-களில் வந்த மருந்து. நல்ல மருந்துதான். அளவோடு, தேவையான போது, டாக்டர் சொல்லிச் சாப்பிட்டவர்களுக்கு எவ்வளவோ உபகாரம் செய்திருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே கெடுதல் செய்கிறது என்பதும் தானாக விளங்கும். அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் நம் உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. புராஸ்டகிளாண்டின் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், விட்டு விடுங்கள். வீக்கமும் வலியும் அதனால் வருகின்றன. மாத்திரை அந்தச் சுரப்பை நிறுத்துகிறது, வலி அடங்குகிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்தோலுக்கு மேலே வழவழப்பான ஒரு பூச்சைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வயிற்றில் சுரக்கிற அமிலம் வயிற்றையே தின்னாமல் இருப்பது அந்தப் பூச்சினால்தான். மாத்திரை முழங்காலுக்கு மட்டும் போகாது. உடம்பு முழுக்கப் போகிறது. முழங்காலில் சுரப்பை நிறுத்துகிற அதே கையால் வயிற்றிலும் நிறுத்தி விடுகிறது.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். "மாத்திரைதானுங்க வயித்தக் கெடுக்கும், ஊசி போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஊசி வழியாகப் போனாலும் மருந்து இரத்தத்தில்தான் கலக்கிறது, இரத்தம் வயிற்றுக்கும் போகிறது. புண் வருவது அதனாலும் வரும். ஊசியில் வேறு வம்பும் உண்டு. படிக்காதவர் கையில் போட்டுக் கொண்டு, சீழ் கட்டியவர்களும் உண்டு, இடுப்பு நரம்பில் பட்டுக் கால் விளங்காமல் இழுத்து நடப்பவர்களும் உண்டு. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்கிற நினைப்பை நாம் விட வேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெயிலில் வேலை செய்கிற நமக்கு இதுதான் முக்கியம்.

கொடிவேரி அணையில் இருந்து தடப்பள்ளி வாய்க்கால் வருகிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும் போது ஒரு மடையில் கொஞ்சம் மண் சரிந்தாலும் வயல் காயாது, எப்படியாவது தண்ணீர் ஏறி விடும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த காலத்தில்தான் மடையைச் செதுக்கி, அகலமாகத் திறந்து வைத்துத் தண்ணீரை வாங்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் போகிற மடையும் அப்படித்தான். நாம் நன்றாகத் தண்ணீர் குடித்து நிழலில் உட்கார்ந்திருக்கும் போது அந்த மடைக்கு வேலை இல்லை. சித்திரை வெயிலில் வியர்வை ஊற்றி, தண்ணீர் குடிக்காமல், உடம்பில் நீர் சுண்டிப் போகும் போது, நான் முன்னே சொன்ன அந்தச் சுரப்புதான் மடையை அகலத் திறந்து சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது. அந்த நேரம் பார்த்து நாம் மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும்? மடை அடைபடும். தண்ணீர் இல்லாத நாளில் மடையையும் அடைத்த மாதிரி.

வேலைக்கு நடுவே தண்ணீர் குடித்தால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும், ஒதுங்க இடம் இல்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க நடவு நடுவதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாலு தென்னை ஓலை வைத்து ஒரு மறைப்புக் கட்டிக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவு ஆகி விடும்? குடிக்க ஒரு குடம் தண்ணீரும், பத்து மணிக்கு உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ கொடுத்தால் பாதி மேல்வலி வராது. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது பல நேரம் நீரும் உப்பும் குறைந்ததால் வருவதுதான். அதற்கு மருந்து மாத்திரை இல்லை, மோர்.

ஒரு நாள் வலிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீரகம் போய்விடும் என்று பயமுறுத்த வரவில்லை. தினமும், மாதக் கணக்கில், வெறும் வயிற்றில், தண்ணீர் இல்லாமல் சாப்பிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த மாத்திரைப் பக்கமே போகக் கூடாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. கொதிப்பு மாத்திரைகளில் சிலவும், நீர் மாத்திரையும், இந்த வலி மாத்திரையும் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கியது போல் ஆகும். நெஞ்சு வலி கண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே வயிற்றுப் புண் உள்ளவர்கள், இந்த வகை மாத்திரை சாப்பிட்டால் இழுப்பு அதிகமாகிறது என்று கண்ட ஆஸ்துமாக்காரர்கள் எல்லோருக்கும் இது ஆகாது. கர்ப்பிணிப் பெண்கள் தாமாக ஒரு போதும் சாப்பிடக் கூடாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தையும், மாதம் ஏற ஏற அதன் இருதயத்தையும் இது பாதிக்கும். சாராயம் குடித்து விட்டு மாத்திரை போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றுப் புண்ணுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்களே, அந்த அம்மணியிடம் நீங்கள் சாப்பிடுகிற வலி மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் எப்படிச் சாப்பிடுவது? சோறு சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. டைக்ளோபினாக் மாத்திரைகள் பலவற்றில் மேலே ஒரு பூச்சு இருக்கும். வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகப் பூசியது. அதை உடைப்பதோ கடித்து மெல்லுவதோ கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகவே கூடாது. 50 மில்லிகிராம் மாத்திரை என்றால் மூன்று. வயதானவர்களுக்கு அதுவும் அதிகம். வலி போகவில்லை என்று நாலாவது ஒன்றைப் போட்டால் வலி குறையாது, கெடுதல்தான் கூடும். யூரியா போடுகிற கணக்குத்தான். தேவைக்கு மேல் போட்டால் பயிர் கருகுமே தவிர மகசூல் ஏறாது. அதே போல, இந்தக் குடும்பத்து மாத்திரை இரண்டை ஒரே சமயத்தில் சாப்பிடக் கூடாது. பெயர் வேறு, கலர் வேறு, உள்ளே இருப்பது பங்காளிகள் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

பல அட்டைகளில் டைக்ளோபினாக்கோடு பாரசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். இது தெரியாமல், அந்த மாத்திரையும் போட்டு, தனியாகக் காய்ச்சல் மாத்திரையும் போடுகிறார்கள். பாரசிட்டமால் இரட்டிப்பாகப் போகிறது. அது அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். கடையில் கொடுக்கிற அந்த 'செட்'டில் சில சமயம் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து விடும். சாப்பிட்ட உடனே வலி பறந்து போகும், உற்சாகமாக இருக்கும். ஆனால் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிகிற ஆபத்து பல மடங்கு. சந்தையில் பெயர் போடாமல் விற்கிற மூட்டுவலிப் பொடியையும் நம்பாதீர்கள். பேரில்லாத டப்பாவில் பூச்சி மருந்து வாங்குவீர்களா?

காய்ச்சலோடு வருகிற மேல்வலி வேறு சங்கதி. இதைத் தயவு செய்து கவனமாகக் கேளுங்கள். மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சல் வருகிறது. எலும்பை முறிக்கிற மாதிரி வலிக்கும். அந்த நேரத்தில் டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் மூன்றும் கூடாது. டெங்குவில் இரத்தத் தட்டுகள் குறைந்து இரத்தம் கசியும் ஆபத்து இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதை அதிகமாக்கி விடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவு. நிறைய நீர் ஆகாரம். உடனே ஆஸ்பத்திரி.

நெல் வயலில் இறங்குகிற நமக்கு இன்னொன்றும் உண்டு. எலிக்காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீரில் நிற்கும் போது காலில் உள்ள வெடிப்பு வழியாகவும் கீறல் வழியாகவும் கிருமி ஏறுகிறது. திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பது, கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலிப்பது இவையெல்லாம் அதன் அடையாளம். நாம் என்ன நினைக்கிறோம்? "நாலு நாளா சேத்துல நின்னமில்ல, அதான் காலு வலிக்குது" என்று வலி மாத்திரை போட்டுக் கொண்டு மறுபடியும் வயலில் இறங்குகிறோம். எலிக்காய்ச்சல் முற்றினால் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். அதன் மேல் இந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற மருந்திலேயே குணமாகிற வியாதி அது. டாக்டரிடம் போகும் போது, "நான் நெல் வயல்ல வேலை பாக்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூட்டை தூக்கிய பிறகு நெஞ்சில் வலி வந்தாலும், இடது தோளிலோ தாடையிலோ இழுத்தாலும், கூடவே வியர்த்தாலும், "சுளுக்கு" என்று வலி மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கறுப்பாக வெளிக்குப் போனாலும், காபித் தூள் மாதிரி வாந்தி எடுத்தாலும், மூத்திரம் குறைந்து முகமோ காலோ வீங்கினாலும் மாத்திரையை அன்றே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் அய்யன் நாலு நாள் சும்மா இருந்தார். நீங்கள் ஒரு நாள் கூட இருக்க வேண்டாம்.

"அப்ப வலிக்கு என்னதானுங்க பண்றது?" நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுங்கள். தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம் எல்லாம் நம் பாட்டிமார் செய்ததுதான். சுளுக்கிய அன்றைக்குச் சூடு வேண்டாம், குளிர்ந்த ஒத்தடம். இரண்டு நாள் கழித்துச் சூடு. முழங்காலுக்குத் தைலமாகத் தடவுகிற டைக்ளோபினாக் களிம்பு இருக்கிறது. மாத்திரையை விட அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது, ஆகவே வயதானவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். புண் மேல் தடவக் கூடாது, தடவிய கையைக் கழுவ வேண்டும். என் துறைக்காரனாக ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொள்கிறேன். திருந்திய நெல் சாகுபடியில் வரிசையாக நட்டு, கோனோ வீடரை நின்றபடியே தள்ளிக் களை எடுத்தால், நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு ஒடிகிற வேலையில் பாதி குறையும். கருவியை மகசூலுக்காக மட்டும் நான் சிபாரிசு செய்வதில்லை. இடுப்புக்காகவும்தான்.

இனி கட்டுத்தரைக்கு வருவோம்.

நாம் சாப்பிடுகிற இதே டைக்ளோபினாக்கை 1990-களில் இருந்து மாடுகளுக்கும் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். மாடு நொண்டினால் ஊசி, மடி வீங்கினால் ஊசி, கிழட்டு எருது எழுந்திருக்காவிட்டால் ஊசி. மாட்டுக்கு வலி அடங்கியது உண்மை. ஆனால் அந்த மருந்தோடு மாடு செத்து, அதன் உடலைப் பாறுக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் நின்று போகிறது. மூத்திர உப்பு உடம்புக்குள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல் படிந்து, இரண்டு மூன்று நாளில் செத்து விழுகிறது. நம் உடம்பில் மெதுவாகச் செய்கிற வேலையை அந்தப் பறவையிடம் ஒரே தீனியில் செய்து விடுகிறது. பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துச் சோதித்து 2004-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் வெண்முதுகுப் பாறு என்கிற கழுகு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. 1992-க்கும் 2007-க்கும் நடுவே நடந்த அழிவு இது. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டதால் அல்ல. செத்த மாடு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்தோடு கிடந்தாலே இத்தனை அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து தின்கிற பறவை அது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். போனது திரும்ப வர எத்தனை காலம் ஆகும், பாருங்கள்.

"கழுகு போனா நமக்கென்னுங்க?" என்று சத்தியமங்கலம் பக்கம் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். கழுகுக் கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கி விடும். அது போன பிறகு செத்த மாடு கிடந்து நாறுகிறது, நாய்கள் பெருகின, வெறிநாய்க் கடியும் பெருகியது. கழுகு அழிந்ததால் 2000 முதல் 2005 வரை நம் நாட்டில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. பெரியவருக்கு இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப வானத்துல சுத்திக்கிட்டே இருக்குமுங்க" என்றார்.

இந்தக் கழுகுகள் தென்னாட்டில் கடைசியாகத் தங்கியிருக்கிற இடங்களில் முக்கியமானது நம் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் கூடு கட்டுகின்றன. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்ந்து எண்ணிய போது எல்லா வகைப் பாறும் சேர்த்து 320 இருந்தன. ஒரு கல்யாணப் பந்தியில் உட்காருகிற ஆட்களை விடக் குறைவு. பவானிசாகர், சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்துக் கட்டுத்தரைகளில் இன்று போடுகிற ஊசியில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது.

மாட்டுக்கு டைக்ளோபினாக் 2006-இலேயே நிறுத்தப்பட்டு, 2008-இல் அரசிதழில் தடை வந்தது. அப்புறமும் மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி சின்னக் குப்பியில் மட்டும்தான் விற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதை எதிர்த்து வழக்குப் போனது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவு சரி என்றது. 2023-இல் அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் இரண்டும், 2024 முடிவில் நிமசுலைடும் மாட்டுக்குத் தடையாகி விட்டன. ஆகவே யாராவது சின்னச் சின்னக் குப்பியாக ஐந்தாறு உடைத்து உங்கள் மாட்டுக்கு ஏற்றினால், என்ன மருந்து என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாட்டின் வலிக்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. மெலாக்சிகாம் என்று ஒரு மருந்து. கழுகுக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்துப் பார்த்தது. டோல்ஃபெனமிக் அமிலமும் அப்படியே. விலையும் எட்டாத விலை இல்லை. கால்நடை டாக்டரிடம், "மெலாக்சிகாம் போடுங்க" என்று நீங்களே கேளுங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது என்பதையும் அவரிடம் கேட்டு அப்படியே நடந்து கொள்ளுங்கள். நம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கன்றுக்கோ நாய்க்கோ கொடுப்பதும் வேண்டாம். நாய்க்கு இபுபுரூபன் விஷம்.

என்ன மருந்து என்று தெரியாமல் ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் செத்து விட்டால் காட்டோரம் இழுத்துப் போடாதீர்கள். ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசன வாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வந்திருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். தோல் உரிக்காமல், அறுக்காமல், முதலில் கால்நடை டாக்டருக்குச் சொல்லி விடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார்கள், செலவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கட்டுத்தரையில் ஒரு கிழட்டு எருது முன்னங்கால் வீங்கிப் படுத்திருந்தது. அய்யன் திண்ணையில் இருந்தபடியே, "டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். அந்தக் கழுகு மருந்தத்தான் போடச் சொல்லியிருக்கேன்" என்றார். மெலாக்சிகாம் என்று அவருக்கு வாயில் நுழையவில்லை. எங்கள் வீட்டில் இப்போது அதன் பெயரே கழுகு மருந்துதான். அவர் முழங்காலில் நொச்சிக் கட்டு இருந்தது.